கழுவி வைத்த கண்ணாடிக் குழாய்கள்

டாக்டர் அமிர்தவல்லி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்களும் எழுத வேண்டும் என்று எனக்கும் கடிதம் வந்தது. மற்றவர்கள் அவர் வாங்கிய விருதுகளைப் பற்றியும், வெளிநாட்டு மாநாடுகளில் பேசியதைப் பற்றியும் எழுதுவார்கள். பாம்புக்கடிக்கு மருந்து எவ்வளவு போதும், எப்போது நிறுத்தலாம் என்று அவர் கண்டு சொன்னதைத்தான் இன்று கிராமத்து ஆஸ்பத்திரிகளில்கூடப் பின்பற்றுகிறார்கள். அதை விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. அந்த ஆய்வில் மூன்று மாதத்தைப் பற்றி மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்று மாதத்தைக் கெடுத்தவன் நான். இதை மலரில் போடுவார்களோ, எடுத்துவிடுவார்களோ, தெரியாது.

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் சிங்கவரம். அப்பா அம்மா இருவரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா சுற்றினேன். செஞ்சியில் ஒரு சின்ன மருத்துவமனையில் பாம்புக்கடி ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளில் போய் நின்றேன். தற்காலிக வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டிவிட்டேன்.

மேடம் சென்னைக்காரர். எங்களுக்கு அவர் மேடம், நோயாளிகளுக்கு டாக்டரம்மா. சென்னையில் பெரிய பதவியில் இருந்தவர், வேர்க்கடலை பிடுங்கும் காலத்திலும் நெல் அறுக்கும் காலத்திலும் செஞ்சிக்கு வந்து மாதக்கணக்கில் தங்குவார். எங்கள் பக்கம் கண்ணாடி விரியன் கடிப்பது அந்தக் காலங்களில்தான் அதிகம். குள்ளமாக, ஒல்லியாக இருப்பார். பெருக்குகிற அம்மாவைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் வார்டுக்குள் வந்தால் எனக்குப் பயம்தான். காரணம் ஒரே ஒரு கேள்வி. யார் எதைச் சொன்னாலும், "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்பார். பார்த்தேன் என்றால், "எத்தனை மணிக்கு?" என்பார். மணியைச் சொல்லத் தெரியவில்லை என்றால் பேனாவை மூடிவிடுவார். அந்தத் தகவல் அவரைப் பொறுத்தவரை இல்லை.

விரியன் கடித்தால் ரத்தம் உறைகிற தன்மை போய்விடும். ஈறில் கசியும், ஊசி குத்திய இடத்தில் நிற்காது, உள்ளேயும் கசியும். விஷமுறிவு மருந்து போட்டால் விஷம் அடங்கும். ஆனால் ரத்தம் மறுபடி உறைய உடம்புக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். அந்தக் காலத்தில் அதுவரை யார் பொறுத்தார்கள்? ரத்தம் கசிவதைப் பார்த்ததும் பயந்துபோய், கையில் இருக்கிற குப்பிகள் தீரும்வரை ஏற்றினார்கள். மருந்தே குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்துவிடும். விஷத்துக்குத் தப்பியவர் மருந்தால் போவதும் உண்டு. எவ்வளவு போட்டால் போதும், எப்போது நிறுத்துவது என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் ரொம்ப எளிமையானது. நோயாளியின் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி இருபது நிமிடம் தொடக் கூடாது. ஆட்டக் கூடாது, எடுத்துப் பார்க்கக் கூடாது. இருபதாவது நிமிடம் ஒரே ஒரு தடவை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது, மருந்து வேண்டாம். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் இன்னும் வேலை செய்கிறது, இன்னொரு முறை மருந்து. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி. குழாயைச் சாய்ப்பது என் வேலை. நான் சொல்வதை வைத்துத்தான் மருந்து ஏறும்.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும் என்று பதிவேடு சொன்னது. இரண்டாம் வருடம் நெல் அறுக்கிற சமயத்தில் குழாய்கள் தீர்ந்துபோயின. சென்னைக்கு எழுதிப் போட்டும் பார்சல் வரவில்லை. நோயாளிகள் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். பழைய குழாய்களை ஊறவைத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன். பளபளவென்று இருந்தன. வேலை நிற்காமல் சமாளித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமைதான். மேடத்திடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, பாத்திரம் கழுவியதை யாராவது போய்ச் சொல்வார்களா? அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு பதிவேடு மாறத் தொடங்கியது. இரண்டாவது முறை மருந்து போட்ட பிறகும் ரத்தம் ஓடியது. மூன்றாவது முறைக்குப் பிறகும் ஓடியது. மேடத்தின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. மருந்தின் வீரியம் குறைந்துவிட்டதா என்று யோசித்தார். வேறு பெட்டியிலிருந்து மருந்து எடுத்துப் பார்த்தார், அப்போதும் அப்படியே. எங்கள் பக்கத்து விரியனின் விஷமே வேறு மாதிரியோ என்று சந்தேகப்பட்டார். சென்னையில் பெரிய மருத்துவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று வரவிருந்தது. இந்தப் பகுதியில் விரியன் கடிக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும் என்று அங்கே பேச எழுதத் தொடங்கிவிட்டார். அவர் சொன்னால் நாலு ஜில்லாவிலும் அப்படியே செய்வார்கள்.

அந்த நேரத்தில்தான் அஞ்சலை வந்தாள்.

அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பது வயது இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடலைக் கொடி பிடுங்க உட்கார்ந்தவளைப் புறங்கையில் விரியன் கடித்துவிட்டது. புருஷன் கோவிந்தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி நாலு. கை முழங்கைவரை வீங்கியிருந்தது, ஈறில் ரத்தம். குழாயைச் சாய்த்தேன், ஓடியது. முதல் முறை மருந்து ஏறியது. அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ஓடியது, இரண்டாவது முறை. விடியற்காலையில் மறுபடி பார்த்தபோதும் ஓடியது. மூன்றாவது முறை மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தைச் சொறிந்தாள். உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சு விசில் மாதிரி கேட்டது.

மேடம் மருந்து ஏறுவதை நிறுத்திவிட்டுத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். பத்து நிமிடம் நாடியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அவளுக்கு மூச்சு வந்தது. மீதி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏற்றி முடித்தார்.

வராந்தாவில் கோவிந்தன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், அவளுக்கு இன்னா ஆவும் சார்? மருந்து ஏத்தினா மூச்சு நிக்குது. ஏத்தலன்னா ரத்தம் நிக்காதுன்றாங்க. எதைத்தான் சார் செய்வீங்க?"

"மேடம் பாத்துப்பாங்க, பயப்படாதீங்க" என்றேன்.

பதினோரு மணிக்கு அடுத்த சோதனை. மேடம் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"ஏழுமலை, ஈறுல கசிவு நின்னிருக்கு. ஊசி குத்தின இடமும் காஞ்சிருக்கு. ஆனா உங்க குழாய் ஓடுது. இந்தத் தடவையும் ஓடினா நாலாவது தடவை போட்டாகணும். அவங்க தாங்குவாங்களான்னு எனக்குத் தெரியல. கவனமா எடுங்க."

உங்க குழாய் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அந்த நினைப்பிலேயே இரண்டு மில்லிக்குப் பதில் நாலு மில்லி எடுத்துவிட்டேன். ஸ்டாண்டில் கழுவிக் காய்ந்த குழாய் ஒன்றுதான் இருந்தது. முந்தின நாள்தான் சென்னையிலிருந்து புதுக் குழாய்ப் பெட்டி வந்திருந்தது. பழையதை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். இப்போது அதைப் பிரித்து ஒன்றை எடுத்து, மீதி ரத்தத்தை அதில் விட்டேன். எந்தக் காரணமும் இல்லை, அவள் ரத்தத்தை வீணாக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கோட்டைமலைப் பாறைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வராந்தாவில் கோவிந்தன் நடக்கிற சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பத்து நிமிடம் ஆனதும் வாசலில் வந்து நின்று, "ஆச்சா சார்?" என்றான். இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். பதினைந்தில் மறுபடி வந்தான். ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

இருபது. கழுவின குழாயைச் சாய்த்தேன். ஓடியது. புதுக் குழாயைச் சாய்த்தேன். ஓடவில்லை. இன்னும் சாய்த்தேன். தலைகீழாகவே கவிழ்த்துவிட்டேன். ரத்தம் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரே கை. ஒரே ஊசி. ஒரே நேரம். ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. வித்தியாசம் சோப்புதான் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எத்தனை பேருக்கு நான் ஓடுது என்று சொன்னேன் என்பதும் கூடவே புரிந்தது.

கழுவின குழாயை மேசைக்குக் கீழே வைத்தேன். புதுக் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

"உறைஞ்சிருக்கு மேடம்."

"நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பதினொன்னு இருபத்தஞ்சுக்கு."

அவர் குழாயை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். "மருந்து வேணாம்" என்றார். கோவிந்தன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு நாளில் அஞ்சலை வீட்டுக்குப் போனாள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன்.

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை நான் தவறாகப் பார்த்திருப்பேனோ என்று என் ரத்தத்தையே எடுத்து இரண்டு விதக் குழாயிலும் விட்டுப் பார்த்தேன். கழுவினதில் ஓடியது. எந்தப் பாம்பும் கடிக்காத என் ரத்தம் ஓடியது. இனிமேல் புதுக் குழாயை மட்டும் பயன்படுத்தினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு மனம் சொன்னது. வருடக் கடைசியில் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். என் மனைவி என்ன ஏது என்று கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். ஆனால் மேடம் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போகிறார். மருந்தைக் கூட்டுங்கள் என்று பேசப்போகிறார். அதை நினைத்தால் அஞ்சலையின் மூச்சு விசில் அடித்தது காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் அறைக்குப் போனேன். எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு விஷயம். அந்தக் குழாய்ங்கள நான் சோப்பு போட்டுக் கழுவினேன்."

பேனா நின்றது. "எதை?"

எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலையின் இரண்டு குழாய்கள், என் ரத்தம், எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தத் தேதியிலேர்ந்து?"

சொன்னேன். எழுந்து வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு லேப் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "என் ரத்தத்த எடுங்க."

ஐந்து புதுக் குழாய். ஐந்து கழுவினது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நேரம் ஆனதும் அவரே ஒவ்வொன்றாகச் சாய்த்தார். புதியவை ஐந்தும் நின்றன. கழுவினவற்றில் ஒன்றுகூட உருப்படியாக நிற்கவில்லை. கண்ணாடி மேல் ரத்தம் படுவதால்தான் உறைதல் தொடங்குகிறது, சோப்பின் மெல்லிய படலம் கண்ணாடியை மூடிவிட்டால் ரத்தத்துக்குக் கண்ணாடி இருப்பதே தெரியாது என்று எனக்கு விளக்கினார். பாடம் சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னார்.

பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் சொன்ன தேதியிலிருந்து ஒவ்வொரு பெயரின் மீதும் சிவப்பு மையால் ஒரு கோடு. மூன்று மாதம். ஒரு பெயரில் கை நின்றது. கன்னியப்பன், வல்லம். அவரை எனக்கும் நினைவிருந்தது. வயதானவர். நாலாவது முறை மருந்து ஏறும்போது மூச்சுத் திணறி, எவ்வளவு பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போனவர்.

"மேடம், அவரு... மருந்தாலதான் போனாரா?"

"தெரியாது, ஏழுமலை. விஷமா இருக்கலாம். வயசா இருக்கலாம். நாம போட்ட மருந்தாவும் இருக்கலாம். இனிமே அத யாராலயும் சொல்ல முடியாது. தெரியாதுன்னுதான் எழுதணும்."

நான் அழுதுவிட்டேன். "நான் வேலைய விட்டுப் போயிடறேன் மேடம்" என்றேன்.

"போனா உங்க எடத்துக்கு வர்றவர் சோப்பு போட்டுக் கழுவுவாரு. நீங்க கழுவ மாட்டீங்க. இருங்க."

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனார். எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் நடந்த தவறு இது, இப்படித்தான் கண்டுபிடித்தோம் என்று அந்தக் கூட்டத்தில் பேசினார். சிலர் சிரித்தார்களாம். பணம் தருகிறவர்கள் விளக்கம் கேட்டார்கள். ஆராய்ச்சி ஒரு வருடம் தள்ளிப்போனது. கடைசியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் குழாய் புதிதாக இருக்க வேண்டும், சோப்புப் பட்டிருக்கக் கூடாது என்று ஒரு பத்தி முழுக்க இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. எங்கள் தவறு என்றே எழுதியிருந்தார். அவருடைய மற்ற கண்டுபிடிப்புகளைவிட அந்தப் பத்தியைத்தான் எல்லா ஊரிலும் முதலில் எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு அவரே சொன்னார். வேறு எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் என்னைப் போலவே கழுவிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

சென்னையிலிருந்து வந்த மறுநாள் காலை, "வல்லம் போகணும், வாங்க" என்றார். பஸ்ஸில் போனோம். கன்னியப்பனின் மகன் வேலாயுதம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், குழாய் கழுவினது உட்பட. நான் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றேன்.

வேலாயுதம் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அப்ப அந்தக் கடைசி மருந்த போடாம இருந்திருந்தா எங்க நைனா பொழச்சிருப்பாரா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியணும்."

வேலாயுதம் என்னைப் பார்த்தார். "கழுவினது நீயா?" என்றார். ஆமாம் என்றேன். அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேடம் நேராக வார்டுக்குப் போனார்.

மேடம் பிறகு பல ஊர்களுக்குப் போனார். பெரிய ஆளானார். நான் அதே லேபில் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மத்தியானம் வேலாயுதம் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். களை எடுக்கும்போது அவள் காலில் விரியன் கடித்திருந்தது. எனக்கு முடி நரைத்திருந்தாலும் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. லேப் வாசலிலேயே நின்றார். அவர் பார்க்கட்டும் என்று அவர் கண்ணெதிரில்தான் புதுக் குழாய்ப் பெட்டியைப் பிரித்தேன். ரத்தம் ஓடியது. மருந்து ஏறியது. ஆறு மணி நேரம் அவர் வார்டிலும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் என் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போகவும் பயமாக இருந்தது.

மறுபடி ரத்தம் எடுத்து வந்து வைத்தேன். நேரம் ஆனதும் அவரைக் கூப்பிட்டுக் காட்டிச் சாய்த்தேன். நின்றது. கவிழ்த்தேன். அசையவில்லை.

"உறைஞ்சிடுச்சுங்க. இனிமே மருந்து வேணாம்."

அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொரு கொழாயில வெச்சிப் பாரு" என்றார்.

டூட்டி டாக்டர் எதற்கு என்று கேட்டார். இன்னொரு தடவை சரிபார்க்கிறேன் என்றேன். அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டு இன்னும் இரண்டு மில்லி எடுத்து வந்தேன். புதுக் குழாய் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே வெளியே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ரத்தத்தை விட்டு ஸ்டாண்டில் நிறுத்தினேன். எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வேலாயுதம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.